ரெவ்யூனான் 55/1.4: டொமியோகாவா, வெறும் பேச்சா? காட்பாடியில் விலைக்கு வந்த ரெண்டு லென்ஸ்

கோட்டை அகழி
காட்பாடியில ஒருத்தர் ரெண்டு பழைய லென்ஸ் விக்கிறார். ஆம்பூர்ல ஒரு வீட்டுச் சரக்காம், தோல் வியாபாரமா ஜெர்மனி போய்வந்தவர் வாங்கி வெச்சதாம்.
முதலாவது ஆட்டோ ரெவ்யூனான் 1:1.4, 55 மி.மீ., எம்42 மவுண்ட் (கேமராவுல திருகி மாட்டற 42 மி.மீ. வாய்). 18,000 ரூபாய் சொல்றார். கேட்டா "டொமியோகா செஞ்சது, ரேர் பீஸ்"ங்கறார். டொமியோகாங்கறது ஜப்பான் லென்ஸ் கம்பெனியாம், ஆனா முன்வளையத்துல அந்தப் பேர் எழுதல.
இன்னொண்ணு விவிட்டார் 135 மி.மீ. 2.8, அதுவும் எம்42. நம்பர் 28612047. விலை 9,000.
இதெல்லாம் நிஜமா யார் செஞ்சது? அபூர்வம்ங்கறது உண்மையா? எதைப் பார்த்து முடிவு பண்றது?

சீரியல் சித்தர்
விவிட்டார்ல குழப்பமே இல்ல தம்பி. பாண்டர் அண்ட் பெஸ்ட்னு கலிஃபோர்னியா கம்பெனி. லென்ஸை ஜப்பான்ல ஆர்டர் கொடுத்து வாங்கி விவிட்டார்னு பேர் போட்டு வித்தாங்க. நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் செஞ்சவர்: 22 கினோ, 28 கோமினே, 37 டோகினா, 47 சினான், 75 ஹோயா. ஒத்தை 9 கோசினா. மேக்கர் எண்ணுக்கு அடுத்த இலக்கம் வருஷத்தோட கடைசி எண், அதுக்கடுத்த ரெண்டு வாரம். உங்களது 28, 6, 12. அதாவது கோமினே, 1976, 12ஆவது வாரம். 1986ஆ இருக்குமோன்னு கேட்டா, எம்42 திருகு மவுண்ட்ங்கறதால 76தான் பொருந்தும்.
கோமினே நல்ல கை. 9,000 கொஞ்சம் கூடத்தான், பேசிப் பாருங்க. ரெவ்யூனான் நம்பர் என்ன?

கோட்டை அகழி
அண்ணே, ரெவ்யூனான் நம்பரும் 28லதான் ஆரம்பிக்குது. அப்ப அதுவும் கோமினேவா? டொமியோகான்னு சொன்னது புளுகா?

பாகாயம் 135
எல்லாரும் வழுக்கி விழற இடம் இதுதான். அந்த 28 விவிட்டார் வீட்டுக் கணக்கு. அடுத்த வீட்டுப் பூட்டுக்கு அந்தச் சாவி சேராது.
ரெவ்யூனான் ஃபோட்டோ குவெல்லேவோட பேர். ஜெர்மனியில ஃபியூர்த்ங்கற ஊர்ல இருந்த குவெல்லேங்கற கேட்டலாக் கம்பெனியோட கிளை, அந்தக் கம்பெனி 2009ல திவாலாச்சு. பக்கத்துலயே நியூரம்பர்க்ல ஃபோட்டோ போர்ஸ்ட். நம்ம வேலூரும் காட்பாடியும் மாதிரி ஒட்டின ஊருங்க, ரெண்டு கடையும் ஜப்பான்ல வாங்கித் தன் பேர் போட்டு வித்தது. அவங்க நம்பருக்கு விவிட்டார் மாதிரி ஒரு திறவுகோல் கிடையாது. 28ல ஆரம்பிக்கறது தற்செயல்.
சித்தர், உங்க பட்டியலைக் குறை சொல்லல. ஆனா அது சேகரிக்கறவங்க தொகுத்து கைமாறி வந்தது. எழுபது, எண்பதுகளின் விவிட்டாருக்குச் சரியா வேலை செய்யும். அதை வெச்சு சோலிகார், ஹானிமெக்ஸ், சியர்ஸ்னு வேற பேர்ல வந்த லென்ஸ் எல்லாத்தையும் அளக்கறாங்களே, அதுதான் வினை.

சீரியல் சித்தர்
ரெவ்யூனானுக்கும் அதே பட்டியல்னு நான் எங்கேயும் சொல்லல சார். நம்பர்தான் கேட்டேன். விவிட்டார் விஷயத்துல நம்பரை விட நல்ல சாட்சி இருந்தா காட்டுங்க.

பாகாயம் 135
நம்பர் யார் செஞ்சதுன்னு சொல்லும். நல்ல சரக்கா, அரிதான சரக்கான்னு சொல்லாது. இதே 135/2.8 எடுத்துக்கோங்க. கோமினே ரெண்டு வகை செஞ்சான். ஒண்ணு சாதா டெலி, கிட்ட வந்தா ஒன்றரை மீட்டர்கிட்ட நின்னுடும். இன்னொண்ணு "க்ளோஸ் ஃபோகஸிங்"னு எழுதினது, 1:2 வரைக்கும், அதாவது பொருளோட பாதி அளவுல பிம்பம் விழற வரைக்கும் இறங்கும், குழாயிலேயே உருப்பெருக்க எண்ணெல்லாம் பொறிச்சிருக்கும். ரெண்டும் 28தான். முதல் வகை மூட்டை மூட்டையா கிடைக்கும். ரெண்டாவதைத்தான் ஆள் தேடி வாங்கறான்.
விவிட்டாரோட சீரீஸ் 1 70-210 ஜூமும் அப்படித்தான். ஒரே பேர், பல தொழிற்சாலை: முதல்ல கினோ, பிறகு டோகினா, பிறகு கோமினே. முதல் ரெண்டும் 3.5. கினோவுக்கு ஃபில்டர் 67 மி.மீ., டோகினாவுக்கு 62. மூணாவதுல 2.8-4னு எழுதியிருக்கும். கையில ஒரு 62 ஃபில்டர் இருந்தா நம்பரே பார்க்காம முதல் ரெண்டையும் பிரிச்சுடலாம்.
இன்னொண்ணு: நம்பர் பொதுவா முன்னால இருக்கற நேம் ரிங்லதான் இருக்கு. அதைக் கழட்ட சரியான அளவுல ஒரு ரப்பர் மூடியை வெச்சு அழுத்தித் திருகினா போதும். உடைஞ்ச லென்ஸோட ரிங்கை வேற ஒண்ணுல மாட்டறது பெரிய வித்தையே இல்ல.

லாங்கு பஜார் லென்ஸ்
இன்னாபா இது, விக்கறவனை எல்லாம் திருடன்னு சொல்ற மாதிரி கீது. ரிங் மாத்தி விக்கற அளவுக்கு இங்க எவன் கிட்ட சரக்கு கீது?
டொமியோகா விஷயம் சொல்றேன். 1968ல யாஷிகா அதை வாங்குச்சு, 1983ல யாஷிகாவே கியோசெரா கிட்ட போயிடுச்சு. காண்டாக்ஸ் கேமராவுக்கு ஜெய்ஸ் பேர்ல வந்த கண்ணாடி பலதும் செஞ்ச கை அது. சில ஆட்டோ சினான் 55/1.4 வளையத்துலயே டொமியோகான்னு எழுதியிருக்கும். ரெவ்யூனான் 55/1.4 அதே உடம்பு. எழுதலன்னா வேற லென்ஸ் ஆயிடுமா? நம்ம ஊர்ல இது வருஷத்துக்கு ஒண்ணு கண்ணுல பட்டா பெருசு. 18,000 நியாயம்தான்.

பாகாயம் 135
பஜார் நைனா, அதே உடம்புங்கறதை ஏத்துக்கறேன். விலையைத்தான் ஏத்துக்க மாட்டேன்.
டொமியோகாங்கற பேருக்கு மவுசு வந்தது 55/1.2ஆல. எம்42 திருகு வாய் சின்னது, 1.2க்குப் பின்கண்ணாடி பெருசு. அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் விடற துளையை மூடற பின் வந்துபோக இடம் இல்லாம, பின்கண்ணாடியோட ஓரத்தையே ஒரு பக்கம் சீவி வழி விட்டிருப்பாங்க. திருப்பிப் பார்த்தா வட்டத்துல ஒரு வெட்டுத் தெரியும். அது கம்மியாத்தான் வந்தது, அதுக்கு அந்த விலை தகும். 1.4 அப்படியா? கேமராவோட சேர்த்து வித்த லென்ஸ். சினான், ரெவ்யூனான், கோசினான், ரிக்கெனான்னு எத்தனை பேர்ல வந்துச்சு! அண்ணன் சம்பாத்தியத்துல தம்பிக்கு மாப்பிள்ளை விலை பேசக் கூடாது.
"நம்ம ஊர்ல கிடைக்காது"ங்கறதும் "உலகத்துல கம்மி"ங்கறதும் வேற வேற. 1991க்கு முன்னாடி வெளிநாட்டு லென்ஸ் லைசென்ஸ் இல்லாம உள்ள வராது, வெளிநாடு போய்வந்தவங்க பெட்டியில வந்ததுதான் சரக்கு. அதனால வேலூர்ல அரிது. இன்னைக்கு ஜெர்மனியிலிருந்து தபால், சுங்கவரி கட்டி வரவழைச்சா எவ்வளவு ஆகுமோ அதுக்கு மேல கொடுக்க ஒரு காரணமும் இல்ல.

லாங்கு பஜார் லென்ஸ்
தபால்ல வர்றது ஃபங்கஸோட வந்தா யார்கிட்ட போய் அழுவ? கையில வாங்கிப் பார்த்து வாங்கறதுக்கும் ஒரு விலை கீது நைனா.

சீரியல் சித்தர்
அது நியாயம். பஜார் சொல்றதுல எனக்கு உடன்பாடு. ஆனா வளையத்துல பேர் இல்லாத ரெவ்யூனானை எப்படி உறுதி பண்றதுன்னு பாகாயம் சார் இன்னும் சொல்லல.

பாகாயம் 135
பேர் எழுதின சினானோட தெளிவான படம் ஒண்ணை ஃபோன்ல வெச்சுக்கிட்டு உடம்பை ஒப்பிடுங்க. பிடியோட வெட்டுக் கட்டம், ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இருக்கற இடம், டெப்த் ஸ்கேல் எழுத்து, பின்னால தகட்டுல திருகாணி எத்தனை, எங்கெங்கே. முன்பக்கம் கடைக்காரனுக்காகச் செஞ்சது, பின்பக்கம் தொழிற்சாலை தனக்காகச் செஞ்சது. பின்பக்கத்தைத்தான் நான் நம்புவேன். கோட்டிங் நிறத்தை நம்பாதீங்க, ஒரே மாடல்ல ஒரு லாட் ஊதா, ஒரு லாட் பொன்னிறம்னு வரும்.
அடுத்தது பிம்பக் கணக்கு. இருட்டு அறையில ஃபோன் டார்ச் அடிச்சு, கண்ணாடிப் பரப்புகள்ல விழற டார்ச் பிம்பத்தை எண்ணறது. சுவிட்சை எம்ல வெச்சு அப்பர்ச்சரை 16க்கு மூடுங்க. சுவிட்ச் கெட்டிருந்தா பின்னால உள்ள பின்னை விரலால அழுத்திப் பிடிங்க. மூடினா முன்பாதிப் பிம்பம் மட்டும் தெரியும். டார்ச்சைச் சாய்ச்சு மெல்ல ஆட்டினா ஒவ்வொரு பிம்பமும் தனித்தனியா நகரும். தனிக் கண்ணாடிக்கு 2 பளிச். ரெண்டு கண்ணாடி ஒட்டியிருந்தா 2 பளிச், நடுவுல 1 மங்கல். குறிச்சுக்கிட்டு, திருப்பிப் பின்பாதியை எண்ணுங்க. பேர் எழுதின சினானோட கணக்குக்கு வேற வந்தா அது அந்த லென்ஸ் இல்லவே இல்ல. ஒத்து வந்தா "இருக்கலாம்", அவ்வளவுதான். ஒரே மாதிரி அமைப்பை நாலு பேர் செஞ்சிருக்கான்.
கண்ணாடி மஞ்சளா இருந்தா அதுவும் மேக்கர் அடையாளம் ஆகாது. சூப்பர் டகுமார் 50/1.4ல வர்ற மாதிரி தோரியம் கலந்த கண்ணாடியோட குணம் அது.

மேல்விஷாரம் மேக்ரோ
இடையில ரெண்டு விஷயம். எம்42ன்னு சொல்லி டி-மவுண்ட் தலையில கட்டுவாங்க, முக்கியமா பழைய ப்ரீசெட் டெலியில. ரெண்டும் 42 மி.மீ. வாய்தான். எம்42க்கு புரி இடைவெளி 1 மி.மீ., டி-மவுண்டுக்கு 0.75. ஒண்ணு ஒன்றரைச் சுத்து போய் இறுகிடும். அப்ப பலம் போட்டா அடாப்டர் புரி போச்சு.
சியர்ஸ் பேர்ல வர்ற பெண்டாக்ஸ் கே மவுண்ட் லென்ஸ்ல சிலது ரிக்கோ செஞ்சது. பின்னால ஒரு கூடுதல் பின் நீட்டியிருந்தா, பெண்டாக்ஸ் ஆட்டோஃபோகஸ் பாடியில மாட்டாதீங்க. ஃபோகஸ் மோட்டார் திருகு இருக்கற குழியில அந்தப் பின் விழுந்து லென்ஸ் கழட்ட வராது.

கோட்டை அகழி
பார்த்துட்டேன். 135ல "க்ளோஸ் ஃபோகஸிங்" இல்ல, ஸ்கேல் 1.5 மீட்டரோட முடியுது. ரெவ்யூனான் பின்பக்கம், சுவிட்ச், எழுத்து எல்லாம் சினான் படத்தோட அச்சு அசலா ஒத்துப் போகுது. பிம்பத்துல ஒட்டுக் கண்ணாடிக்கான மங்கல் தெரிஞ்சது, ஆனா முழுசா எண்ண முடியல. ஒரு விஷயம் உறுத்துது: பின்னை அழுத்தினா அப்பர்ச்சர் பிளேடு உடனே மூடல, அரை வினாடி யோசிச்சு மூடுது. பிளேடு மேல மினுமினுன்னு இருக்கு. பின்னால ஒரு திருகாணித் தலையும் வழுக்கியிருக்கு.

பாகாயம் 135
மினுமினுப்பு எண்ணெய். நம்ம சித்திரை, வைகாசி சூட்டுல ஃபோகஸ் புரியில போட்ட கிரீஸ் பிரிஞ்சு, எண்ணெய் மட்டும் பிளேடுக்கு நடந்து வந்துடும். பிளேடு காய்ஞ்சுதான் ஓடணும், அதுக்கு எண்ணெயே கிடையாது. ஃபிலிம்ல போட்டா 8 வெச்சும் 2.8 வெளிச்சம் விழும். மிரர்லெஸ்ல எம் சுவிட்சோட மெதுவா மூடினாலும் சமாளிக்கலாம்.
லைட்டர் பெட்ரோலை முன்னால ஊத்தி ஆட்டற வைத்தியம் யார் சொன்னாலும் கேக்காதீங்க. எண்ணெய் கரைஞ்சு கண்ணாடியில போய்ப் படிஞ்சு பனி மாதிரி காயும். முன், பின் கண்ணாடிக் குரூப்பைக் கழட்டிட்டு, பஞ்சுக் குச்சியில தொட்டுத் தொட்டு, பிளேடை மூடித் திறந்து, குச்சி சுத்தமா வர்ற வரைக்கும் அஞ்சாறு தடவை துடைக்கணும்.
திருகாணி வழுக்கியிருந்தா ஏற்கெனவே ஒருத்தர் உள்ள போயிருக்கார். அப்ப இன்ஃபினிட்டி, அதாவது ரொம்ப தூரத்துல இருக்கறது தெளியுதான்னு பாருங்க. ஃபோகஸ் புரிக்குப் பல வாய் உண்டு, சரியான வாய் ஒண்ணுதான். வேற வாயில ஏத்தினா திருகறதுக்கு சுகமா இருக்கும், தூரம் மட்டும் தெளியாது. எதிர்ல மலை தெரியாத தெரு வேலூர்ல எது, மலை மேல ஒரு பாறையைப் பாருங்க. சோனி இ அடாப்டர்னா 27.46 மி.மீ. தடிமன் இருக்கணும். தடிமன் கூடின அடாப்டரால தெளியாமப் போனா லென்ஸைக் குத்தம் சொல்லாதீங்க.

லாங்கு பஜார் லென்ஸ்
சரி, எண்ணெய் கீதுன்னா 18,000 நானும் சொல்ல மாட்டேன். சர்வீஸ் கூலியைக் கழி. ஆனா டொமியோகா இல்லன்னு மட்டும் சொல்லாத.

பாகாயம் 135
இல்லன்னு யார் சொன்னா? டொமியோகாதான்னு நானும் நினைக்கிறேன். பேர் எழுதாத, எண்ணெய் ஏறின, ஒருத்தர் கை வெச்ச டொமியோகா. பாதி விலைக்கு மேல போகாதே தம்பி. 135ஐ அதோட சேர்த்துக் கொடுத்தா எடு, தனியா வேணாம்.

சீரியல் சித்தர்
135 விஷயத்துல மாறுபடறேன். சாதா கோமினே 135ம் நல்ல கண்ணாடி, 3,000க்குக் கண்ணை மூடி வாங்கலாம்.

கோட்டை அகழி
மலையில பாறை தெளிவா வந்துச்சு. ரெண்டும் சேர்த்து 11,000க்கு இறங்கியிருக்கார். நாளைக்கு முடிக்கிறேன்.

பாகாயம் 135
வண்டி டிக்கியில வெச்சு வெயில்ல நிறுத்திடாதே, மிச்ச கிரீஸும் இறங்கிடும்.

சீரியல் சித்தர்
வாங்கினதும் ரெவ்யூனான் முழு நம்பரையும் இங்க போடுங்க தம்பி. பட்டியல் இல்லன்னா என்ன, சேர்த்துத்தானே ஆகணும்.