புதுப்பிப்பு: அப்பாவின் மெயில் திரும்பக் கிடைத்தது

மும்பை மாட்டுங்காவில் இருக்கிற அப்பாவின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, சொந்தக்காரர்களிடம் பணம் கேட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கணக்கு மீண்டும் கைக்கு வந்துவிட்டது. நல்லவேளை, யாரும் ஏமாறவில்லை. திருநெல்வேலிச் சித்தப்பா மட்டும் போன் போட்டு, "அண்ணன் எப்பலேருந்து இங்கிலீஷ்ல கடன் கேக்காரு?" என்றார். (பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும்.)

பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். செட்டிங்ஸைத் திறந்தால், வருகிற மெயில் எல்லாம் முன்பின் தெரியாத முகவரிக்கு ஃபார்வர்ட் ஆகும்படி வைத்திருக்கிறான்! பாஸ்வேர்டை நூறு தடவை மாற்றினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதை அழித்து, எல்லாச் சாதனங்களிலும் லாக் அவுட் செய்தேன்.

பழைய பாஸ்வேர்ட்? அம்மா பெயரும் 1958-உம். பேங்க், ரயில் டிக்கெட், மெயில், எல்லாவற்றுக்கும் அதே.

இப்போது அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி, விரல் பட்ட ஐந்து தமிழ்ச் சொற்கள், ஆங்கில எழுத்தில். "நடுவுல முருகான்னு ஒண்ணு சேத்துக்கிடலாமா?" என்றார் அப்பா. நாமே தேர்ந்தெடுத்தால் அடுத்தவனும் ஊகிப்பான் என்று மறுத்துவிட்டேன். மற்ற கணக்குகளுக்கு பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் செயலி. அதற்கும் மெயிலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு: பாஸ்வேர்ட் போட்ட பிறகும் இன்னொரு சரிபார்ப்பு கேட்கும்.

ஐந்து சொற்களையும் தாளில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறார். அது பரவாயில்லை, ஹேக்கர் பீரோவைத் திறக்கப்போவதில்லை. ஆனால் நேற்று அதையே போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அகராதியை மறுபடி எடுத்திருக்கிறேன்.