பாட்டனாரின் காலனி எண்ணை பார்கோடாகப் பச்சை குத்துவது பற்றி உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன்.

என் மகள் முன்கையில் பார்கோடு பச்சை குத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள். அதில் வரப்போவது எங்கள் பாட்டனாரின் காலனி எண், அதாவது அன்றைய காலனி அரசு அவருக்குக் கொடுத்த பதிவு எண். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் ஊர் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் இப்படி ஓர் எண் உண்டு. கரும்புத் தோட்ட முதலாளிக்குப் பெயரைவிட அந்த எண்தான் முக்கியம்.

பார்கோடு பச்சை குத்தும் பலரும் "நான் விலைக்கு வந்த சரக்கு இல்லை" என்று சொல்லத்தான் குத்துகிறார்கள். அதனால் மகளின் எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது. என் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கையில் எண் குத்திய கொடுமையை நினைத்துக் கலங்குகிறார். அந்தக் கலக்கத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அப்புறம், கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோடுக்குப் பெரும்பாலும் 13 இலக்கம் வேண்டும். கோடு 128 (Code 128) என்ற பார்கோடு வகையில் எத்தனை இலக்கமானாலும் எழுதலாம், அதனால் அதைத்தான் யோசிக்கிறோம். ஆனால் மை வருடக்கணக்கில் தோலுக்குள் பரவுமே, மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாதா?

இப்படிக் குத்தியவர்கள் இருந்தால், எவ்வளவு பெரிதாகக் குத்தினீர்கள், நம் மாநிறத் தோலில் ஸ்கேனர் இன்னும் படிக்கிறதா என்று சொல்லுங்கள். டர்பன் பக்கம் நேர்கோடு பிசகாமல் குத்துபவர் யார்? கப்பல் பட்டியலில் எண்ணைச் சரிபார்த்த அனுபவம் உள்ள பெரியவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். தோலில் ஏறுவதற்கு முன் எண்ணை உறுதிசெய்ய வேண்டும்.