கறுப்பரின் சொத்தைத் தின்றது சிவப்புப் படமா?

நிலவன்: அமெரிக்காவில் கறுப்பரிடம் சொத்து சேராததற்கு 1930களின் சிவப்புக் கோட்டு வரைபடம் ஒன்றே காரணம் என்று பக்கத்துத் திரியில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். 2022 கணக்குப்படி இடைநிலை, அதாவது சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும், வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்புக் குடும்பத்துடையது 44,900. இவ்வளவு பெரிய பள்ளம் ஒரு படத்தால் விழுந்ததா?

கடன்கணக்கு: எழுதியது நான்தான், பேர் சொல்லியே கேட்கலாம். அரசின் வீட்டுக்கடன் நிறுவனமான ஹோல்க் (HOLC) ஊர் ஊராகப் படம் போட்டுக் கறுப்பர் தெருக்களைக் கடனுக்கு ஆபத்தானவை என்று சிவப்பில் குறித்தது. வங்கிகள் கதவைச் சாத்தின. வேறென்ன வேண்டும்?

நிலவன்: தேதி வேண்டும். ஹோல்க் கடன் கொடுக்கத் தொடங்கியது 1933. படம் போடத் தொடங்கியது 1935. அதற்குள் சுமார் பத்து லட்சம் கடன்களில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்துவிட்டது, கறுப்பருக்கும்கூட. சிவப்புப் பகுதிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். கதவைச் சாத்தியது 1934-இல் வந்த எஃப்.எச்.ஏ., வங்கிகளின் வீட்டுக்கடனுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பு. அதற்கு முன் வீட்டுக்கடன் என்றால் பாதிப் பணம் கையில் இருக்கணும், ஐந்து வருஷத்தில் அசலை மொத்தமாகத் திருப்பணும். எஃப்.எச்.ஏ. காப்பீட்டோடு 20 சதவீத முன்பணம், 20 வருஷத் தவணை. இந்தச் சலுகை கறுப்பர் தெருவுக்குப் போகாதபடி மதிப்பீட்டுக் கையேட்டையே எழுதினார்கள். டெட்ராய்ட்டில் 1941-இல் ஒரு மனை வியாபாரி கறுப்பர் பகுதியை ஒட்டி ஆறடி உயரத்தில் அரை மைல் சுவர் எழுப்பினார். அதற்குப் பிறகே அவர் மனைகளுக்குக் காப்பீடு கிடைத்தது.

கடன்கணக்கு: ஹோல்க் படங்கள் எஃப்.எச்.ஏ. கைக்கும் போயின. அதை ஏன் விழுங்குகிறீர்கள்?

மாங்காடு: ரெண்டு பேரும் 1930-ஐ விட்டு நகர மாட்டீங்களா? 1865-இல் தளபதி ஷெர்மன் உத்தரவில், விடுதலையான அடிமைகளுக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுத்த நிலத்தை ஜனாதிபதி ஜான்சன் அதே வருஷம் பழைய முதலாளிகளிடமே திருப்பினார். 1874-இல் விடுதலையான அடிமைகளுக்கான ஃப்ரீட்மன்ஸ் வங்கி மூடியபோது 61,000 பேரின் சேமிப்பு, கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், மாட்டிக்கொண்டது. அதோட, இடைநிலை எதுக்கு? சராசரி போடுங்க.

நிலவன்: சராசரியிலும் ஆறு மடங்குக்கு மேல்தான்.

கடன்கணக்கு: படத்துக்கு வாங்க.

நிலவன்: படம், படம், படம்! சிகாகோவில் 1950களில் என்ன நடந்தது? வங்கிக்கடன் கிடைக்காத கறுப்பரிடம் தரகர் வீட்டை இரட்டை விலைக்குத் தவணையில் விற்றார். கடைசித் தவணை வரை பத்திரம் தரகர் பெயரில். பழுது, வரி எல்லாம் வாங்கியவர் தலையில். ஒரு தவணை தவறினாலே வெளியேற்றலாம், கட்டிய பணம் போச்சு. அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு மறுபடி விற்பனை. அங்கே சொத்தைத் தின்றது பத்திரம்.

கடன்கணக்கு: வங்கிக்கடன் ஏன் கிடைக்கவில்லை? படம்!

நிலவன்: எஃப்.எச்.ஏ. தெருவாரியாகத் தனிப்படமே வைத்திருந்தது. ஹோல்க் படத்தைப் பார்த்து மறுத்த ஒரே ஒரு விண்ணப்பத்தைக் காட்டுங்கள்.

கடன்கணக்கு: தனிப்படமும் படம்தானே?