கணவருக்குப் பறவைப் படம் எடுக்க ஒரு கேமரா, 70,000 ரூபாய்க்குள். எதை வாங்கலாம்?

பாளை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் எங்கள் கல்யாண நாள் வருகிறது. அவருக்கு ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுக்கலாம் என்று சீட்டுப் பணத்தில் 70,000 எடுத்து வைத்திருக்கிறேன். கேமரா விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் குளத்தங்கரைதான். நயினார்குளம், கூந்தன்குளம், திருப்புடைமருதூர் என்று விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கையில் ஒரு பைனாகுலர், அதில் கண் வைக்கிற இடத்தில் போனை ஒட்டிப் பிடித்துப் படம் எடுப்பார். வீட்டுக்கு வந்து காட்டுவார். சுற்றிலும் கறுப்பு வட்டம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம், அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. "இது கரண்டிவாயன்" என்பார். நானும் தலையாட்டுவேன்.

கடையில் கேட்டால் கேனான் ஆர்100 இரண்டு லென்ஸோடு தருகிறேன், இப்போதே எடுங்கள் என்கிறார்கள். தம்பி மகன் "நிக்கான் பி950 வாங்குங்க அத்தை, நிலாவில் இருக்கிற குழியெல்லாம் தெரியும்" என்கிறான். எங்கள் பள்ளிக்கு ஆண்டு விழா போட்டோ எடுக்க வருகிறவரோ, அதெல்லாம் விளையாட்டுச் சாமான், லென்ஸ் மாற்றுகிற கேமராதான் கேமரா என்கிறார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நான் எதைக் கேட்பது? அவருக்குத் தெரியாமல் வாங்க வேண்டும், அதனால் அவரிடமே கேட்கச் சொல்லாதீர்கள்.

வலசை

டீச்சர், மாடல் பெயரெல்லாம் அப்புறம் பார்ப்போம். சார் கண்ணாடி போடுவாரா? கழுத்துவலி, தோள்வலி ஏதும் உண்டா? வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியம், எடுத்த படத்தை என்ன செய்கிறார், பிரிண்ட் போட்டு மாட்டுவாரா, வாட்ஸாப்பில் அனுப்புவாரா, இல்லை வேறு எதற்காவதா? பறவைப் படம் என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் கூட்டுக்குக் கீழே நின்று நாரையை எடுப்பது வேறு, குளத்தின் அக்கரைச் சேற்றில் மேய்கிற உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவையை எடுப்பது வேறு.

பழைய லென்ஸ்

முதலில் அந்த ஆர்100-ஐ விட்டுவிடுங்கள். விலை குறைவுதான், ஆனால் அதன் ஆட்டோஃபோகஸ் மனிதக் கண்ணை மட்டும் தேடும், பறவையைத் தேடாது. பின்னால் இருக்கிற திரை அசையாது, தொட்டு இயக்கவும் முடியாது. அதே கேனானில் ஆர்50 வாங்கினால் பறவையை அதுவே கண்டுபிடித்துக் கண்ணில் ஃபோகஸ் வைக்கும், பேட்டரியோடு சேர்த்தே 375 கிராம்தான்.

இன்னொன்று, இரண்டு லென்ஸ் செட் என்று தருகிறார்களே, அதில் இரண்டாவது லென்ஸ் எது என்று பெட்டியில் படித்துப் பாருங்கள். 75-300 (எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்கிற அளவு, மி.மீ.யில்) என்று இருந்தால் வேண்டாம். கை ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற ஐஎஸ் அதில் கிடையாது, ஆர்50 பாடிக்குள்ளும் கிடையாது, ஆக 300-ல் வைத்துக் கையில் பிடித்து எடுத்தால் ஆடிப்போன படம்தான் நிறைய வரும். எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கி இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 55-210-ல் ஐஎஸ் உண்டு. இந்தக் கேமராவின் சென்சாரில், அதாவது ஒளியைப் படமாக்குகிற சில்லில், 210 என்பது 336 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே வீட்டோர மரங்களில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டுகிறது, அங்கே இது தாராளம். உங்கள் தொகையைக் கொஞ்சம் தாண்டலாம், பேசிப் பாருங்கள்.

பாளை டீச்சர்

வலசை சார், கண்ணாடி போடுவார். இடது தோளில் வலி உண்டு, தைலம் தேய்க்கிற அளவுக்கு. கம்ப்யூட்டர் இல்லை, இருந்த லேப்டாப்பை மகள் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டாள். எல்லாம் போனில்தான்.

படத்தை என்ன செய்கிறார் என்று கேட்ட பிறகுதான் யோசித்தேன். மாட்டுவதும் இல்லை, யாருக்கும் அதிகம் அனுப்புவதும் இல்லை. ஈபேர்ட் என்று ஒரு ஆப் வைத்திருக்கிறார், அதில் எந்தக் குளத்தில் எந்தப் பறவை, எத்தனை என்று பட்டியல் போடுவார். ஒரு பறவை இன்னது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அன்று முழுக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார், சாப்பாடு ஆறிப்போகும். ஜனவரியில் தாமிரபரணிப் பக்கத்துக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குமே, அதற்கும் தவறாமல் போவார்.

கூழைக்கடா

அந்தக் கணக்கெடுப்புக்கு நானும் வருகிறவன்தான் டீச்சர், சாரைப் பார்த்திருக்கவும் கூடும், கவலைப்படாதீர்கள், வாயைத் திறக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் தம்பி மகன் சொன்னதுதான் சரி. சாருக்கு வேண்டியது சுவரில் மாட்டுகிற படம் இல்லை, அக்கரையில் நிற்பது எந்த உள்ளான் என்று காலின் நிறத்தையும் அலகின் நீளத்தையும் பார்த்துச் சொல்லக்கூடிய படம். அதற்கு எட்டம் வேண்டும், அதாவது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்ட வேண்டும். பி950-ல் 24-லிருந்து 2000 மி.மீ. வரை ஒரே லென்ஸில் போகும், அதாவது 83 மடங்கு ஜூம். பழைய லென்ஸ் சொன்ன 336 மி.மீ.யில் நயினார்குளத்தின் மறுகரையை எடுத்தால் உள்ளான் மறுபடியும் புள்ளிதான், என்ன, கறுப்பு வட்டம் இருக்காது, அவ்வளவுதான். மோட் டயலிலேயே பறவைக்கென்று தனியாக ஒரு குறி இருக்கிறது, அதில் வைத்துவிட்டால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். படத்தை அங்கேயே போனுக்கு மாற்றலாம், கம்ப்யூட்டர் தேவையில்லை. பைக்கில் போகிறவருக்கு, குளத்தங்கரைக் காற்றிலும் தூசியிலும் லென்ஸ் கழற்றி மாட்டுகிற வேலை இல்லாததே பெரிய நிம்மதி.

போட்டோக்காரர் விளையாட்டுச் சாமான் என்றது அவர் தொழிலுக்குச் சரி. மண்டபத்துக்குள் மேடை வெளிச்சத்தில் இது ஒன்றுக்கும் உதவாது.

பழைய லென்ஸ்

மறுக்கவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். பி950-ன் சென்சார் 1/2.3 அங்குலம், பல போன்களில் இருப்பதைவிடப் பெரிதில்லை. ஆர்50-ன் சென்சார் பரப்பில் ஏறக்குறைய 12 மடங்கு. டீச்சர், சார் விடிவதற்குள் கிளம்புகிறார் என்றீர்களே, வெளிச்சம் சரியாக வராத அந்த நேரத்தில் பி950 எடுக்கிற படம் மணல் தூவியது போல இருக்கும், அதிலும் ஜூமை முழுக்க இழுத்தால் ஒளி நுழைகிற துவாரம் எஃப்6.5-க்குச் சுருங்கிவிடும். பறக்கிற பறவையும் கஷ்டம். நொடிக்கு 7 படம் எடுக்கும் என்று போட்டிருப்பார்கள், பத்துப் படத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். எடையும் ஒரு கிலோ, தோள்வலிக்காரருக்கு அதையும் யோசியுங்கள்.

எட்டமும் வேண்டும், தரமும் வேண்டும் என்றால் ஆர்50-க்கு ஆர்எஃப் 100-400 லென்ஸ். 640 மி.மீ. அளவுக்கு வரும், லென்ஸ் 635 கிராம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும்.

கூழைக்கடா

நீங்கள் சொல்கிற அந்த ஜோடியும் ஒரு கிலோதானே அண்ணே. எடை யாருக்கும் மிச்சமில்லை. கழுத்தில் தொங்கவிடாமல் குறுக்கே மாட்டுகிற வார் வாங்கி வலது தோளில் போட்டால் சமாளிக்கலாம்.

விடியற்காலை விஷயம் உண்மை. டீச்சர், ஒளித்துப் பேச வேண்டாம், சூரியன் ஏறி ஒரு மணி நேரம் போன பிறகுதான் பி950 நன்றாக எடுக்கும். அதற்காக உச்சிவெயிலும் ஆகாது. ஒன்பது, பத்து மணிக்கு மேல் தண்ணீர்ப்பரப்பில் கானல் எழும்பும், அப்போது 2000 மி.மீ.யில் பார்த்தால் பறவையே கொதிக்கிற மாதிரி நெளியும். அது கேமரா கோளாறு இல்லை, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான். சார் முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, கேமரா பழுது என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வலசை

டீச்சர், ஒரு வேலை செய்யுங்கள். சார் போனில் இருக்கிற படங்களைச் சும்மா பார்க்கிற மாதிரி தள்ளிப் பாருங்கள். உட்கார்ந்த பறவை அதிகமா, பறக்கிறது அதிகமா? விடியற்காலைப் படமா, வெயில் வந்த பிறகா? ஒவ்வொரு படத்திலும் நேரம் இருக்கும். இவர்கள் இரண்டு பேர் சண்டையும் அதில் தீர்ந்துவிடும்.

பாளை டீச்சர்

பார்த்தேன். "வரித்தலை வாத்து வந்ததாமே, காட்டுங்கள்" என்று கேட்டதும் போனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம். கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீரில் நிற்பதும் மரத்தில் இருப்பதும்தான். பறப்பது என்றால் வானத்தில் கோடு கோடாகக் கூட்டம், அது எண்ணுவதற்கு எடுத்ததாம். நேரம் பெரும்பாலும் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். விடியும் முன்னால் போவது இடம் பிடித்து உட்காரவும் எண்ணவும்தான் போல.

அப்படியென்றால் பி950 என்று முடிவு செய்யலாமா? பழைய லென்ஸ் சார், கோபம் இல்லையே?

பழைய லென்ஸ்

கோபமெல்லாம் இல்லை. ஏழரை மணி, உட்கார்ந்த பறவை, கம்ப்யூட்டர் கிடையாது என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். லட்சம் கையில் இருந்தால்தான் என் கட்சி.

ஈரோட்டுக் கடைக்காரர்

கேமரா விற்கிறவன் என்ற முறையில் நாலு வார்த்தை. சின்ன ஊர்க் கடையில் இந்த மாடல் இருப்பில் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். யாராவது பில் வேண்டாமென்றால் ஆறேழாயிரம் குறைக்கிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது பெரும்பாலும் கம்பெனி வழியாக வராத சரக்கு, இங்கே வாரண்டி செல்லாது. பெட்டியில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 2019 ஜனவரிக்கு முன்னால் 28 ஆக இருந்தது. அந்த வரி போட்ட பில்லில் கேமராவின் சீரியல் நம்பரை எழுதித் தரச் சொல்லி, அடியில் இருக்கிற நம்பரோடு ஒத்துப் பாருங்கள். பில் உங்கள் பெயரில் இருந்தால் போதும்.

மெமரி கார்டு கேமராவோடு வராது. 64 ஜிபி, வி30 (கார்டின் வேகத்தைக் காட்டுகிற குறி) என்று போட்டது ஒன்று, அதே கடையில் பில்லோடு. கூடவே ஒரு பேட்டரி சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒரு சார்ஜுக்கு 290 படம் என்று கணக்கு, ஜூமை இழுத்துக்கொண்டே இருந்தால் அதுவும் வராது.

பாளை டீச்சர்

மதுரையில் சொல்லிவைத்தாயிற்று. கார்டு, பேட்டரி, குறுக்கு வார் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் கூடப் போகிறது, பரவாயில்லை. கடைசியாக ஒன்று. கொடுத்த அன்றைக்கே அவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். முன்கூட்டியே நான் ஏதும் செய்துவைக்க வேண்டுமா?

கூழைக்கடா

முதல் நாள் ராத்திரி சார்ஜ் ஏற்றிவையுங்கள், பேட்டரியைக் கேமராவுக்குள் வைத்தேதான் ஏற்ற வேண்டும். கார்டைப் போட்டு மெனுவில் ஒரு தடவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அவர் பார்வைக்குத் தக்கபடி அதைத் திருப்பி உள்ளே எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இது தெரியாமல் படமே மங்கல் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

அப்புறம், லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன். முழு ஜூமில் பறவை நகர்ந்து காணாமல் போய்விட்டால் அதை அழுத்திப் பிடித்தால் காட்சி அகலமாகும், பறவையைத் தேடி நடுவில் வைத்துக்கொண்டு விரலை எடுத்தால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். இதை மட்டும் காட்டிக் கொடுங்கள், மிச்சத்தை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

பாளை டீச்சர்

அந்தப் பட்டனைக் கடையிலேயே அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். நன்றி எல்லாருக்கும். கூழைக்கடா சார், ஜனவரியில் பார்த்தால் எதுவும் தெரியாத மாதிரி இருங்கள்.