ஹேலி வால்மீன்: 76 ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

தோ பாயோ வாசகர்: "ஹேலி வால்மீன் 76 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும், கடைசியாக 1986இல் வந்தது, எனவே அடுத்து 2062" என்று ஈசூன் நண்பர் நேற்று இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். அது சூரியனை மிக நெருங்கிய நாள்கள் 1759 மார்ச் 13, 1835 நவம்பர் 16, 1910 ஏப்ரல் 20, 1986 பிப்ரவரி 9. இடைவெளிகள் முறையே 76 ஆண்டு 8 மாதம், 74 ஆண்டு 5 மாதம், 75 ஆண்டு 10 மாதம். அடுத்து நெருங்குவது 2061 ஜூலை 28. இவற்றில் சரியாக 76 எங்கே இருக்கிறது?

ஈசூன் வானம்: பிள்ளைகளுக்குச் சொல்லும்போது யாரும் மாதக் கணக்குப் பார்ப்பதில்லை. சந்திர கிரகணத்தின்போது நான்கு நிமிடத்துக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர் தாங்கள்தானே? அந்தக் கோபத்தை ஹேலியின்மீது காட்ட வேண்டாம். 76 என்றால் 76தான்.

தோ பாயோ வாசகர்: கிரகணத்தை இழுக்காதீர்கள். 1682இல் தாம் கண்ட வால்மீன் 1758 வாக்கில் திரும்பும் என்றார் வானியலாளர் ஹேலி. பிரான்சில் கிளேரோ, லலாந்து, நிக்கோல்-ரேன் லெபோட் என்ற அம்மையார் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் கையாலேயே கணக்கிட்டு, வியாழனும் சனியும் இழுப்பதால் அது 1759 ஏப்ரல் நடுவில்தான் சூரியனை நெருங்கும் என்று அறிவித்தார்கள். பிழை ஒரு மாதமே. போதாக்குறைக்கு, சூரிய வெப்பத்தில் வால்மீனின் பனி ஆவியாகிப் பீறிடும் வாயுவும் அதன் பாதையைச் சற்றே தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றும் வேறுபடும் என்று தெரிந்துதான் அந்த மூவரும் அத்தனை பாடுபட்டார்கள்.

செங்காங் ஆசிரியை: ஹேல்-பாப் வால்மீன் 1996இல் வியாழனுக்கு அருகே சென்றபோது அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ 4,200 ஆண்டிலிருந்து 2,500 ஆண்டாகக் குறைந்துவிட்டது, ஐயா. எனினும் ஆண்டைப் பற்றிச் சண்டையிடுவதைவிட, எங்கே நின்று பார்ப்பது என்று யோசிக்கலாம். சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளே அடிவானத்தை நிறைத்துவிடுகின்றன.

ஈசூன் வானம்: ஹேலியைப் பற்றிப் பேசும்போது ஹேல்-பாப் எதற்கு? கடற்கரைப் பேச்சும் இங்கே வேண்டாம், டீச்சர்.

செங்காங் ஆசிரியை: எதை எழுதலாம் என்று தங்களிடம் அனுமதி பெற வேண்டுமா? 1986இல் பூமியும் வால்மீனும் சூரியனுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்ததால்தான் அது அவ்வளவு மங்கலாகத் தெரிந்தது. 2061இல் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும். எனவே இடத்தைப் பற்றிப் பேசத்தான் செய்வேன்.

ஈசூன் வானம்: பேசிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 9 அன்று ஹேலி, நெப்டியூனின் பாதைக்கும் அப்பால் சூரியனிலிருந்து தன் மிகத் தொலைவான புள்ளியைத் தொட்டது. 1986 பிப்ரவரியிலிருந்து அதுவரை 37 ஆண்டு 10 மாதம். இரட்டித்தால் 75 ஆண்டு 8 மாதம். முழு எண்ணாக்கினால் 76! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தோ பாயோ வாசகர்: போன வழிக்கு ஆன காலமே வரும் வழிக்கும் ஆகும் என்று யார் சொன்னது? திரும்பி வர 37 ஆண்டு 7 மாதம்தான். இரட்டிக்காமல் கூட்டிப் பாருங்கள், நண்பரே.

ஈசூன் வானம்: கூட்டினாலும் முழு எண்ணாக்கினால் அருகில் இருப்பது 76தான்.

தோ பாயோ வாசகர்: கூட்டினால் 75 ஆண்டு 5 மாதம். அதற்கு அருகில் இருப்பது 75. தங்கள் 2062இல் அது சூரியனைத் தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.