பெங்களூர் அல்சூர் எட்டாம் கிராஸ் குழு: ரேவதி வண்டிக்கு என்ன?

சனிக்கிழமை

ரேவதி (காலை 7:12): குமரேசன் அண்ணா, எழுந்துவிட்டீர்களா? ஸ்கூட்டருக்குக் கீழே மறுபடியும் எண்ணெய். கோலத்தின் மேலேயே உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

[படம்]

ரேவதி: நேற்று பஸ் ஸ்டாப் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஆயில் சீல் போயிருக்கு, இன்ஜின் பிச்சபேகு" என்றார். அதாவது, எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையம் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமாம். நாலாயிரம் ஆகுமாம்.

ராஜு மாமா: சீல் போனால் கீழே சொட்டத்தான் வேண்டும் என்றில்லை. என் பழைய டூ ஸ்ட்ரோக்கில் கிளட்ச் பக்கத்து சீல் போனபோது ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கியர் ஆயிலை இன்ஜினே உறிஞ்சி வெள்ளைப் புகையாக விட்டது. கொசு மருந்து வண்டி வந்த மாதிரி தெருவே மறைந்துவிடும்.

சாந்தி அக்கா: அதை மறக்க முடியுமா மாமா! துணி காயப்போட வழியில்லாமல் கிடந்தோம்.

குமரேசன்: ரேவதி, இரு. யாரும் இன்ஜினில் கை வைக்க வேண்டாம். கறை எங்கே இருக்கிறது? பின் சக்கரத்துக்கு நேர் கீழேயா, சென்டர் ஸ்டாண்டுக்கு முன்னாலா?

ரேவதி: ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணா.

குமரேசன்: விரலில் தொட்டு மோந்து பார். என்ன நிறம்?

ரேவதி: கறுப்பு. கருகின வாடை.

குமரேசன்: அப்போது இன்ஜின் ஆயில்தான். கியர் ஆயில் என்றால் தேன் நிறமாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். அது பின் சக்கர ஆக்சில் சீல் வழியாக வரும். பிரேக் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைத்துவிட்டால் பிரேக் பிடிக்காது. எதற்கும் சக்கரத்தின் உள்பக்கம் பார். ஈரம் இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

ரேவதி: டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். வெறும் புழுதிதான்.

பிரவீன்: பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரைன் போல்ட்டாகத்தான் இருக்கும். கொஞ்சம் எம்-சீல் பசையை அப்பிவிடுங்கள் அக்கா, முடிந்தது வேலை.

குமரேசன்: அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது அந்தப் போல்ட்டை நீயே உளி வைத்து எடுத்துக்கொடு தம்பி. எண்ணெய்ப் பசை மேல் அது ஒட்டவும் ஒட்டாது. டிரைன் போல்ட் கசிந்தால் புது வாஷர் போட வேண்டும். பழைய வாஷரையே போட்டு, கசியக் கூடாதென்று மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். கீழே அலுமினியம், மரை போய்விடும்.

சாந்தி அக்கா: நடுவில் ஒன்று. இன்றைக்குக் காவேரித் தண்ணீர் உண்டா?

ராஜு மாமா: பதினோரு மணிக்கு மேல் வரும். யாரும் மோட்டார் போட்டு இழுக்காதீர்கள்.

குமரேசன்: ரேவதி, ஆயில் அளவு பார்த்தாயா? சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணை. இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, கேஜைத் துடைத்துவிட்டு உள்ளே விட்டுப் பார். திருகிப் பார்ப்பதா, திருகாமலா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும்.

ரேவதி (8:05): மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறதே! கசிகிற வண்டியில் குறையத்தானே வேண்டும்?

குமரேசன்: போன மாதச் சர்வீஸில் அளக்காமல் ஊற்றியிருக்கிறார்கள். பல 110 சிசி வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது 700 மில்லி போதும். பாட்டில் பெரிதாக இருந்தால் மிச்சம் வைக்க மனசு வராது, அப்படியே கவிழ்த்துவிடுவார்கள். அதிகமானால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே வெளியே தள்ளும். இன்ஜின் மூச்சு விடுகிற ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கும் போகும். ஆமாம், சர்வீஸில் டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளி சரிபார்ப்பது, செய்தார்களா?

ரேவதி: பில்லில் போட்டிருக்கிறது அண்ணா.

குமரேசன்: அப்படியா, சரி. இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிரவீன், ஸ்பேனரோடு அக்கா வீட்டுக்குப் போ. சீட்டுக்கு அடியில் இருக்கிற டப்பாவைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷை டீசலில் தோய்த்து இன்ஜினைச் சுத்தம் செய். பெட்ரோல் வேண்டாம். துடைத்துக் காயவிட்டு டிரைன் போல்ட், ஆயிலை வடிகட்டுகிற ஸ்ட்ரெயினரின் மூடி, இன்ஜின் தலையை மூடுகிற ஹெட் கவரின் ஓரம் எல்லாவற்றிலும் குட்டிக்கூரா பவுடரைத் தூவு. அப்புறம் ஏரியை ஒரு சுற்று சுற்றி வா. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் போல்ட் தலையில் கொண்டுபோய்த் தொங்கவிடும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

சாந்தி அக்கா: என் முகத்துக்கே பவுடர் போட நேரமில்லை, வண்டிக்கா!

பிரவீன் (10:48): அண்ணா, படம் பாருங்கள்.

[படம்]

பிரவீன்: டிரைன் போல்ட்டில் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருக்கிறது. ஸ்ட்ரெயினர் மூடியும் காய்ந்துதான் இருக்கிறது. ஹெட் கவரின் அடி ஓரத்தில் மட்டும் பவுடர் ஊறிக் கறுத்துப்போய், அங்கிருந்து ஒரு கோடு பின்னால் இறங்குகிறது. விளிம்பில் சாம்பல் நிறப் பசை பிதுங்கி நிற்கிறது.

குமரேசன்: டேப்பட் பார்க்கக் கவரைத் திறந்திருக்கிறார்கள். சூட்டில் இறுகிப்போன ரப்பர் பேக்கிங்கை மாற்றாமல், பசையைத் தடவி மூடிவிட்டார்கள். அந்த மெக்கானிக் சொன்ன ஆயில் சீலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வண்டி மாடலும் வருடமும் சொல்லி ஹெட் கவர் பேக்கிங் கேள். நூறு ரூபாய்கூட ஆகாது.

ரேவதி: பேக்கிங்கை நாமே மாற்றலாமா?

குமரேசன்: சாயங்காலம் நான் வருகிறேன். பழைய பசையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்தால் புது பேக்கிங்கும் கசியும். பிளாஸ்டிக் அட்டை போதும். துணுக்கு எதுவும் உள்ளே விழக் கூடாது. போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கூடுதல் ஆயிலையும் எடுத்துவிடலாம். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வை.

ஞாயிற்றுக்கிழமை

ரேவதி (காலை 6:50): அட்டையில் ஒரு புள்ளிகூட இல்லை அண்ணா!!

ராஜு மாமா: நாலாயிரம் மிச்சம். பிரவீனுக்கு ஒரு மசாலா தோசையாவது வாங்கிக்கொடு.

சாந்தி அக்கா: குமரேசா, என் வண்டியில் முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிகிறதே, அதற்கும் பவுடரா?

குமரேசன்: அது கண்ணுக்கே தெரிகிறதே அக்கா, பவுடர் எதற்கு? ஃபோர்க் சீல். தெருவில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை, கடைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன் அந்த எண்ணெய் முன் பிரேக் பக்கம் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.