சின்ன ஆர்ட் கேலரி: மின்சாரமும் குப்பையும் குறைய எதில் முதலில் கை வைப்பது?

மாடிக்கூடம்:
சென்னையில் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, முதல் மாடியில் 600 சதுர அடி கேலரி. மேற்குச் சுவர் முழு வெயில் வாங்கும். 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் 24. இன்வெர்ட்டர் இல்லாத 1.5 டன் ஏசி இரண்டு. பகலில் 22 டிகிரி, இரவில் அணைத்துவிடுகிறோம். வருடத்துக்கு எட்டுக் கண்காட்சி. ஒவ்வொன்றுக்கும் சுவர் முழுக்கப் புது வெள்ளை, வாசலில் ஒரு பிளெக்ஸ், உள்ளே சன்போர்டு தகவல் பலகை, படங்கள் வந்து போக பபிள் ராப். மாட்டுவதில் பாதிக்கு மேல் தாளில் வரைந்தவை. அவற்றுக்கு ஒரு சேதமும் வரக்கூடாது. பெரிய முதலீடு இப்போது முடியாது. எங்கே தொடங்கலாம்?

டிராக்லைட்:
விளக்கில்தான். 24 பல்பு சேர்ந்து 1200 வாட். தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் எரிந்தால் சுமார் 250 யூனிட். அதே இடத்தில் 7 வாட் எல்இடி போட்டால் 35 யூனிட்தான். அறைக்குள் விழும் வெப்பமும் ஒரு கிலோவாட் குறைகிறது. ஏசி கணக்கில் கிட்டத்தட்ட 0.3 டன்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ. அது 90க்குக் கீழே இருப்பதைத் தொடவே வேண்டாம். அடர்சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் கேளுங்கள். அது குறைந்த பல்பில் குங்குமச் சிவப்பு செங்கல் பொடி மாதிரி மங்கித் தெரியும். வெள்ளையின் சாயலுக்கு 3000 கெல்வின் போதும், லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை அது. 24-ஐயும் ஒரே பேட்ச்சில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டு வெள்ளையில் நிற்கும்.

பலரும் மாட்டிக்கொள்வது டிரான்ஸ்ஃபார்மரில். உங்கள் ஸ்பாட் 12 வோல்ட் என்றால் மேலே ஹாலஜனுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அது வேலை செய்யக் குறைந்தபட்ச லோடு வேண்டும், பெரும்பாலும் 20 வாட் அளவில். 7 வாட் பல்பு அதை எட்டாததால் விளக்கு சிமிட்டும், சீக்கிரம் போய்விடும். பல்போடு சேர்த்து எல்இடி டிரைவரையும் மாற்றுங்கள். பழைய டிம்மரும் ஒத்துவராமல் போகலாம். ஒரு பல்பை மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

படத்தின் மேல் விழும் ஒளி தாளில் வரைந்ததற்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. நிறம் வெளுப்பது ஒளியையும் நேரத்தையும் பெருக்கி வரும் மொத்தத்தால். ஆள் இல்லாத நேரத்தில் சென்சார் விளக்கை அணைத்தால் கரண்டும் மிச்சம், படத்துக்கும் ஆயுள்.

ஈரமானி:
மேலே சொன்னதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் ஒரு புதுத் தொல்லை வரும். ஒரு கிலோவாட் வெப்பம் போனதும் உங்கள் இரண்டு ஏசியும் அறைக்கு அதிகமாகிவிடும். சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகப் பிடிக்க நேரமே இருக்காது. அறை சில்லென்று இருக்கும், ஈரப்பதம் 70 சதவீதத்தில் நிற்கும். 65 தாண்டி நாள்கணக்கில் இருந்தால் தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

எனவே முதலில் ஒரு ஏசியை நிறுத்திப் பாருங்கள். மீதமுள்ளதை 25-இல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். ஃபேன் ஆட்டோவில் இருக்கட்டும். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் காயிலில் இருக்கும் ஈரம் அறைக்கே திரும்பும். 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று ஒரு காலத்தில் மியூசியங்கள் வைத்திருந்த கறாரான அளவு இப்போது தேவையில்லை. பெரிய மியூசியங்களின் பிசோ குழு வகுத்த பசுமை நெறிமுறையே பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரி, 40 முதல் 60 சதவீதம் என்கிறது. 24 மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சேறு பதம் வரச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

மாடிக்கூடம்:
அப்படியானால் இரவில் ஏசியை அணைப்பதே தவறா? விடிய விடிய ஓட்டினால் மிச்சப்படுத்தியதெல்லாம் அதிலேயே போய்விடுமே.

ஈரமானி:
ஓட்ட வேண்டாம். 22 டிகிரியில் பகல் முழுக்கக் குளிர்ந்த சுவர் மேல், ஏசி நின்றதும் கதவிடுக்கில் வரும் கடற்காற்று படுகிறது. அதன் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாக இறங்கத் தொடங்கும் வெப்பநிலை, சென்னையில் பல மாதங்கள் 24, 25 டிகிரி. ஈரம் முதலில் இறங்குவது காற்றே புகாத சட்டத்தின் முதுகில்தான். ஒரு படத்தைக் காலையில் கழற்றி, பின்பலகையின் கீழ் ஓரத்தை விரலால் தடவுங்கள்; பிசுபிசுப்பாக இருந்தால் அங்கே ஈரம் இறங்குகிறது என்று அர்த்தம்.

பகலில் 25 வைத்தாலே பாதி சரியாகும். கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கம்ப்ரசர் வகை டீஹியுமிடிஃபையர் ஒன்றை 55 சதவீதத்தில் வைத்து ஓட்டுங்கள். 300 வாட் அளவுள்ளது போதும், அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். தொட்டி நிரம்பினால் மெஷின் நின்றுவிடும், அதனால் குழாய் போட்டு வெளியே விடுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் கீழ் மூலையிலும் 1 செ.மீ. கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி கொடுங்கள். மேற்குச் சுவரில் தாள் வேலையே வேண்டாம்.

காடாதுணி:
குப்பைப் பக்கம். படத்துக்குப் படம் ஆணி அடிப்பதால்தான் வருடத்துக்கு எட்டு முறை வெள்ளை. சுவர் உச்சியில் அலுமினிய ரெயில், கம்பி, கொக்கி போட்டால் ஓட்டையே விழாது. கறை பட்ட இடத்தில் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, அதே டப்பா எமல்ஷனால் ரோலரிலேயே தொட்டு விடுங்கள். பிரஷ்ஷில் தொட்டால் திட்டு தெரியும். ரோலர் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், எமல்ஷனில் இருப்பது பிளாஸ்டிக். வாளியில் ஓரிரவு வைத்து, தெளிந்ததை அடுத்த முறை கழுவ எடுத்துக்கொண்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு 2022 ஜூலை முதலே நாடு முழுக்கத் தடை. தடித்த பிளெக்ஸும் அதே பிவிசிதான். காடாத் துணியில் கேலரி பெயரை ஒரு முறை எழுதி வாங்குங்கள். தேதியும் ஓவியர் பெயரும் மட்டும் கீழே தனித் துண்டாகத் தைத்து மாறட்டும். சன்போர்டும் பிவிசி. 300 ஜிஎஸ்எம் தடித்த தாளில் அச்சிட்டு மர கிளிப்பில் மாட்டினால் போதும்.

பபிள் ராப்பின் குமிழ் பக்கம் வார்னிஷ் மேல் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும், அது போகாது. முதலில் கிளாசின் என்ற வழுவழுப்பான மெல்லிய தாள், மேலே பழைய பருத்திப் போர்வை, வெளியே பிளைவுட் பெட்டி. பெட்டிக்கு ஆணி வேண்டாம், போல்ட்டும் வாஷரும் போடுங்கள். பல நடை வரும். இரண்டு மூன்று அளவில் செய்துவைத்து ஓவியர்களுக்கே அனுப்பித் திரும்ப வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போவதென்றால் மரப் பெட்டியில் பூச்சி போகாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன் முத்திரை பிளைவுட்டுக்குத் தேவையில்லை. ஆனால் மூலையில் ஒரே ஒரு ரீப்பர் கட்டை வைத்தாலும் அதற்கு முத்திரை வேண்டும்: வழக்கமான முறை, கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றுவது. மூலைக்கும் பிளைவுட் பட்டையே வையுங்கள்.